நல்ல காரியத்துக்கு மட்டும் நின்றுபோகும் வண்டி

என் உயிருக்கு உயிரான குணா மச்சானுக்கு,

நீ அங்கே நிம்மதியாக இருப்பாய். இங்கே உன் பழைய வண்டி எங்களை ஆட்டிப் படைத்துவிட்டது. தை மாதம் நீ போனதிலிருந்து இந்தக் கத்திரி வெயில் வரைக்கும் நடந்ததை யாரிடமாவது கொட்டியாக வேண்டும். ஊரில் இருக்கிற எல்லோர் மேலும் சந்தேகப்பட்டு முடித்துவிட்டேன். மிச்சம் இருந்தவன் நீ ஒருவன்தான். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

என்னைச் சந்தேகப் பிராணி என்று கிண்டல் செய்வாய். செய்துகொள். பதப்படுத்திய தோலை வெளிச்சத்தில் விரித்து, உண்ணி கடித்த தழும்பு எங்கே, கத்திக் கீறல் எங்கே என்று தேடித் தரம் பிரிக்கிறவனுக்கு வேறென்ன புத்தி வரும்? டேனரியில் நான் ஒரு தோலை நம்பிவிட்டால் அன்றைக்கு மேனேஜர் என்னை நம்பமாட்டார்.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் மகள் ரேவதி ஒரு பையனை விரும்புகிறாள். பெயர் தினேஷ், நாட்றம்பள்ளிக்காரன். அவள் கணக்கு பார்க்கிற அதே ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் சூப்பர்வைசர். பொங்கல் வேலையெல்லாம் ஓயட்டும், முதலில் அப்பாவிடம்தான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாளாம். அதற்குள் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், பிறகு எழுந்திருக்கவே இல்லை. கேட்காமலே போய்விட்டாயே மச்சான்.

துக்கம் நடந்த வீட்டில் வருஷத்துக்குள் ஒரு நல்ல காரியம் செய்துவிட வேண்டும் என்று உங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொன்னார்கள். அதைச் சாக்காக வைத்து ரேவதி தன் அம்மாவிடம் விஷயத்தை அவிழ்த்தாள். லதாவும் சரி என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள், ஆனாலும் மனசாரச் சொன்னாள். அங்கிருந்துதான் உன் வண்டி குறுக்கே விழுந்தது.

பையன் வீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று தாயும் மகளும் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினார்கள். ரேவதி ஓட்ட, லதா பின்னால் உட்கார, வண்டி பைபாஸ் ஏறுவதற்குள் நின்றுவிட்டது. லைட் எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, இண்டிகேட்டர் சிமிட்டுகிறது. என்ஜின் மட்டும் உதைத்தாலும் கெஞ்சினாலும் அசையவில்லை. எனக்குப் போன் வந்தது. ரஃபீக் பாய் மெக்கானிக் கடை வரைக்கும் அந்த வெயிலில் நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். அவர் ஒரே உதைதான் விட்டார். வண்டி பாட்டுப் பாடியது.

சரி, ஏதோ ஒரு நாள் என்று விட்டோம். அடுத்து நிச்சயத்துக்கு நாள் குறிக்கக் கோயில் குருக்களைப் பார்க்கக் கிளம்பினார்கள். மறுபடியும் நின்றது. மறுபடியும் நான் தள்ளினேன், மறுபடியும் கடை வாசலில் ஒரே உதையில் ஓடியது. இதற்கு நடுவில் தினமும் ரேவதி அதே வண்டியில்தான் வேலைக்குப் போய் வருகிறாள். ஒரு நாள்கூட மக்கர் செய்யவில்லை. நீயாக இருந்தால் என்ன நினைத்திருப்பாய்?

லதா நினைத்ததைச் சொல்கிறேன்.

"நல்ல காரியத்துக்குப் போறப்ப மட்டும்தான் நிக்குது அண்ணா. லைட்டு எரியுது, ஹாரன் அடிக்குது. உயிரு இருக்குது, வர மனசு இல்ல. அவருக்கு இந்த சம்பந்தம் இஷ்டம் இல்ல, அதான் நிறுத்தறாரு."

நான் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன், கோயில் சகுனம் பார்க்காதவன். சிரித்துத் தள்ளியிருப்பேன். ஆனால் ரேவதியின் முகத்தைப் பார்த்தேன். அவளும் நம்ப ஆரம்பித்திருந்தாள். உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒரு விஷயத்துக்கு நீ வண்டி வழியாகப் பதில் சொல்கிறாய் என்று அந்தப் பெண் நம்பினாள். எனக்கு உன்மேல் கோபம்கூட வந்தது மச்சான், மறைக்கவில்லை.

பேயை நம்பாதவன் மனுஷனைத்தானே சந்தேகப்பட வேண்டும்? முதலில் ரஃபீக் பாயைப் பிடித்தேன். பிளக்கை மாற்றினார், பிறகு பிளக்குக்குப் பொறி அனுப்புகிற சி.டி.ஐ. பெட்டியை மாற்றிப் பார்த்துவிட்டு, இது இல்லை என்று பழையதையே திரும்ப மாட்டினார். பழைய வண்டியின் அசல் பாகங்களுக்கு இப்போது கிராக்கி ஜாஸ்தி. கழற்றியது உன் பெட்டி, மாட்டியது யார் பெட்டி? நான் கில்லாடி என்று நினைத்துக்கொண்டு, அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் பாகங்களின் மேல் ஆணியால் அடையாளக் கீறல் போட்டு வைத்தேன்.

அடுத்த முறை போனபோது கீறல்கள் அப்படியே இருந்தன. ரஃபீக் பாயும் அவற்றைப் பார்த்திருந்தார்.

"எம்மேல டவுட்டு இருந்தா வாயால கேளு எட்வின். வண்டிய ஏன் சொறியற?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் விடவில்லை. "ஓடற வண்டிய கொண்டாந்து நின்னுச்சி நின்னுச்சின்றீங்க. நான் எங்கப்பா போய் தேடறது? நிக்கற நேரத்துல கொண்டா. வழியில வெயில்ல போட்டு தள்ளினு வராத. ஒரு லோடு ஆட்டோவ புடிச்சி அப்படியே தூக்கினு வா. இல்லன்னா எனக்கும் பேஜாரு, உனக்கும் பேஜாரு."

சந்தேகப் பட்டியலில் ரஃபீக் பாய் கழிந்தார். அடுத்தது முரளி. லதாவின் கூடப்பிறந்த அண்ணன், ரேவதிக்குத் தாய்மாமன். கலவை ஊரில் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற மனுஷன். அவர் மகன் கார்த்திக் ரேவதிக்கு முறைப்பையன். உரிமையுள்ள பிள்ளை இருக்கும்போது வெளியே சம்பந்தம் என்றால் எந்தத் தாய்மாமனுக்கு உள்ளுக்குள் எரியாது? இதில் எனக்கும் ஒரு எரிச்சல் உண்டு, உனக்குத் தெரியாததா. லதா என்னை வாய் நிறைய அண்ணா என்று கூப்பிட்டாலும், சபையில் மாமன் என்று முன்னால் வந்து நிற்கப்போவது அவர்தான்.

ஒரு நாள் டேனரியில் தோலைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது எனக்குப் பொறி தட்டியது. முதல் தடவை வண்டி நின்றதற்கு முந்தின நாள் சாயங்காலம் முரளி கலவையிலிருந்து வந்திருந்தார். இரண்டாவது தடவையும் அப்படியே. மற்ற நாட்களில் அவரும் இல்லை, கோளாறும் இல்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

லதாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போதே அவள் ஒரு முடிவெடுத்துவிட்டாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவ பாக்கறேன் அண்ணா. புதன்கிழம நாட்றம்பள்ளிக்குப் போறோம். வண்டி ஒழுங்கா போய் சேர்ந்துச்சின்னா அங்கயே நிச்சய தேதிய சொல்லிட்டு வந்துடுவேன். நடுவுல நின்னுச்சின்னா அது அவரு சொன்ன வார்த்த. அதுக்கப்பால யாரும் இந்தப் பேச்ச எடுக்கக் கூடாது."

ரேவதி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் போகலாமே என்று நான் சொன்னேன். லதா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பெற்ற பெண்ணின் வாழ்க்கையை ஒரு பழைய வண்டியின் தலையில் கட்டிவிட்டாள் மச்சான்.

செவ்வாய்க்கிழமை முழுசும் வண்டி ரஃபீக் பாய் கடையில் நின்றது. மீட்டரை வைத்து பேட்டரி, காயில், சுவிட்ச், ஃப்யூஸ் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஹேண்டிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. சாயங்காலம் வீட்டில் கொண்டுபோய் விட்டபோது முரளி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "வா எட்வின்" என்றார். அந்தச் சிரிப்பைக்கூட நான் நம்பவில்லை.

மறுநாள் பொழுது விடியும்போதே உன் வீட்டு வாசலுக்குப் போய்விட்டேன். நான் நினைத்தது பலித்தது. முரளி வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டேங்குக்கு அடியில் கையை விட்டு எதையோ குடைந்துகொண்டிருந்தார்.

"எந்த ஒயர புடுங்குறீங்க?" என்று கேட்டுவிட்டேன். சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

அவர் திரும்பிப் பார்த்தார். கையில் நனைந்த துணி. பக்கத்தில் வாளி நிறைய சோப்புத் தண்ணீர்.

"ஒயரா? கழுவினு இருக்கேன் எட்வின். மாப்ள குணா ஓட்டின வண்டி. நல்ல காரியத்துக்குப் போறப்ப அழுக்கோட அனுப்ப முடியுமா?"

"உங்க பையனுக்கு ரேவதி கிடைக்கலன்னு ஆத்திரமா?"

சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன பிறகுதான் அது தெரிந்தது. முரளி துணியைப் பிழிந்து வாளி விளிம்பில் போட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எம் பையன் பெங்களூர்ல ஒரு பொண்ண பாத்து வெச்சினுகிறான். பாஷையே வேற. அத எந்தங்கச்சிகிட்ட சொல்ல வெக்கப்பட்டுனு கெடக்கறேன். நான் வண்டிய புடுங்குவனா?"

நான் வாளியை எடுத்து ஓரமாக வைத்தேன். அதற்குள் லதாவும் ரேவதியும் நல்ல புடவையில் வெளியே வந்துவிட்டார்கள். வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். நாலைந்து உதைக்குப் பிறகு என்ஜின் பிடித்தது. தெருவைத் தாண்டி, பால் பூத் வரைக்கும் போனது. அங்கே இருமி, திணறி, அடங்கிவிட்டது. நானும் முரளியும் ஓடிப் போனோம்.

லதா இறங்கினாள். யாரையும் பார்க்கவில்லை. புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்து போனாள். ரேவதி ஹேண்டிலைப் பிடித்தபடி நடுத்தெருவில் நின்றாள். "விட்டுடுங்க மாமா" என்று மட்டும் சொன்னாள். அது எனக்குச் சொன்னதா, முரளிக்குச் சொன்னதா, தெரியவில்லை. இரண்டு பேருமே விடவில்லை. லோடு ஆட்டோவைப் பிடித்து, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி ஏற்றி, வெயில் ஏறுவதற்குள் ரஃபீக் பாயின் கடைக் கூரைக்கடியில் கொண்டுபோய் நிறுத்தினோம். வழியெல்லாம் முரளி என்னோடு பேசவில்லை. நானாக இருந்தால் ஆட்டோவிலிருந்தே இறங்கிப் போயிருப்பேன்.

ரஃபீக் பாய் முதல்முறையாக வண்டியை நின்ற நிலையிலேயே பார்த்தார். சாவியை அணைத்தால் இந்த மாதிரிப் பழைய வண்டியில் என்ன நடக்கிறது என்று எனக்குச் சொன்னார். உனக்குத் தெரிந்திருக்கும். சி.டி.ஐ. பெட்டியிலிருந்து சாவிக்கு ஒரு ஒயர் வருகிறது. சாவியைத் திருப்பி அணைத்தால் அந்த ஒயர் வண்டியின் இரும்போடு சேர்கிறது, பிளக்கில் பொறி செத்துவிடுகிறது. பேட்டரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதனால்தான் லைட்டும் ஹாரனும் உயிரோடு இருந்தன.

அவர் அந்த ஒயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கிவிட்டு உதைத்தார். வண்டி ஓடியது. மாட்டினார், நின்றது. "சாவி நிறுத்தல. நடுவுல வேற எவனோ நிறுத்தறான்" என்றார்.

என் காது விடைத்தது. எவனோ என்றதும் மறுபடியும் முரளியைப் பார்த்தேன். புத்தி எங்கே போகும்?

டேங்கைக் கழற்றினார். ஒயரைக் கையால் தடவிக்கொண்டே முன்பக்கம் போனார். ஹேண்டில் கழுத்துக்குக் கீழே, ஒயர்கள் இரும்புக் குழாயை ஒட்டி வளைகிற இடத்தில், பழுப்பு நிறத்தில் ஒரு தோல் துண்டு சுற்றியிருந்தது. குழாயோடு சேர்த்து இறுக்கித் தைத்திருந்தது. ரஃபீக் பாய் அதை விரலால் அமுக்கினார். சோப்புத் தண்ணீர் சொட்டியது.

தையலைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மெழுகு நூல், இரட்டை ஊசி, முடிச்சு வெளியே தெரியாமல் உள்ளே தள்ளிய கை. ஆம்பூர் முழுக்கத் தேடினாலும் அந்த முடிச்சைப் போடுகிறவன் நீ ஒருவன்தான்.

டேப் வெயிலில் உருகிப் பிசுபிசுக்கிறது என்று நீ திட்டுவாய். தோலில் கரன்ட் பாயாது மச்சான் என்பாய். ஊரில் சீட் கிழிந்தாலும் கதவு கிறீச்சிட்டாலும் ஷூவுக்குத் தோல் வெட்டுகிற கட்டிங் டேபிளிலிருந்து ஒரு துண்டுத் தோலைக் கொண்டுவந்து ஒட்டுகிறவர்கள்தானே நாம். ஒயர் உரசித் தோலுரிந்த இடத்தில் நீ தோலையே சுற்றிவிட்டாய். காய்ந்திருக்கிற வரைக்கும் நீ சொன்னது சரிதான். ஆனால் அது லைனிங் தோல் மச்சான். ஷூவுக்குள்ளே வியர்வையை உறிஞ்சுவதற்கென்றே பதப்படுத்திய தோல். தண்ணீர் பட்டால் குடித்துக்கொண்டே இருக்கும். இத்தனை வருஷம் தோல் வெட்டியவன், இதை எப்படி மறந்தாய்?

பிரித்துப் பார்த்தால் உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. ஈரத் தோல் அந்தக் கம்பியையும் இரும்பையும் சேர்த்து, சாவியைத் தொடாமலே வண்டியை அணைத்துவிட்டது. வெயிலில் தள்ளிக்கொண்டு போனால் காய்ந்துவிடும், ஓடும். நீ போன பிறகு மழை எட்டியே பார்க்கவில்லை. தண்ணீர்ப் பஞ்சத்தில் ரேவதி வண்டியைக் காய்ந்த துணியால் துடைப்பதோடு சரி. இந்த மூன்று மாதத்தில் வண்டி தண்ணீரைப் பார்த்ததெல்லாம் நல்ல காரியத்துக்குக் கிளம்பிய நாட்களில், முரளியின் கையால் மட்டும்தான்.

முரளி தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். மன்னிப்பு என்ற வார்த்தை எனக்கு வரவில்லை. "இன்னா கழுவு கழுவிகிறீங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார், கண்ணும் கலங்கியது.

பிறகுதான் பெரிய சிக்கல். லதாவிடம் என்ன சொல்வது? நிறுத்தியது அவர்தான் என்கிறாள். நாங்கள் கண்டுபிடித்ததும் உன் கைவேலையைத்தான். முரளி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஒயரு பழசு, அறுந்துடுச்சின்னு சொல்லிடலாம் எட்வின். இத காட்டினா முடிஞ்சுது. பாத்தியா, அவரு கையாலயே நிறுத்தி வெச்சிகிறாருன்னு புடிச்சிக்குவா."

நியாயமான பேச்சு. ஆனால் பழுதைக் கண்டுபிடித்துவிட்டு அதை மறைத்து அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. ரேவதி நாளைக்கு ஒரு குழந்தையோடு வந்து நிற்கும்போதும் லதா மனசுக்குள் அவருக்கு இஷ்டம் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது? பயந்துகொண்டுதான் அந்தத் தோல் துண்டை எடுத்துக்கொண்டு போனேன்.

லதா நல்ல புடவையை மாற்றிவிட்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். துண்டை முறத்தின் ஓரத்தில் வைத்தேன். எங்கே இருந்தது, எப்படி நனைந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அதை எடுத்துத் தையலின் மேல் விரலை ஓட்டினாள். ரேவதி கதவுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"பொங்கலுக்கு அப்பால வந்த ஞாயித்துக்கிழம," என்றாள் லதா. "வாசல்ல டேங்க்க கழட்டி வெச்சினு உக்காந்திருந்தாரு. சோறு ஆறிப்போகுதுன்னு கத்தினேன். ஹேண்டில் திருப்பறப்ப ஒயரு உரசுது லதா, பாப்பா ஹைவேல போறப்ப டப்புனு நின்னுச்சின்னா பின்னால லாரி வருமேன்னாரு. இத தெச்சி முடிச்சிட்டுதான் சாப்ட வந்தாரு."

அவள் குரல் உடைந்தது.

"பொண்ணு போற வண்டி நிக்கக் கூடாதுன்னு உக்காந்து தெச்ச மனுஷன் அண்ணா. அவரா போகாதன்னு சொல்லுவாரு? அவரு வாயில நான் வார்த்தைய வெச்சிட்டேனே."

நீ போன அன்றைக்குக்கூட அவள் இப்படி அழவில்லை மச்சான். ரேவதி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். முறம் சாய்ந்து அரிசியெல்லாம் தரையில் கொட்டியது.

ரஃபீக் பாய் அந்த இடத்துக்குப் புது ஒயர் போட்டு, ரப்பர் குழாய் மாட்டி, ஒழுங்காக டேப் சுற்றினார். நான் நம்பவில்லை. முரளியை விட்டே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். ஒரே உதையில் ஓடியது. நல்ல நேரம் எல்லாம் முடிந்துபோன மத்தியானத்தில், லதா சாதாரணப் புடவையிலேயே ஏறி உட்கார்ந்தாள். நானும் முரளியும் ஒரு ஸ்கூட்டரில் பின்னால் போனோம். வண்டி நாட்றம்பள்ளி போய்ச் சேர்ந்தது. தேதியும் சொல்லிவிட்டு வந்தோம். ஆனியில் நிச்சயம், ஆவணியில் கல்யாணம்.

திரும்பும் வழியில் டீக்கடையில் நிறுத்தினோம். லதாவும் முரளியும் பெங்களூர்ப் பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ரேவதி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பாவுக்கு தினேஷ புடிச்சிருக்குமா மாமா?"

புடிச்சிருக்கும்மா என்று சொல்வது எவ்வளவு சுலபம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. உன்னோடு இத்தனை வருஷம் பழகியவன், நான் சொன்னால் அவள் நம்புவாள். ஆனால் உன் வாயில் வார்த்தையை வைத்துவிட்டு லதா அழுததைக் காலையில்தானே பார்த்தேன்?

"தெரியலம்மா" என்றேன். "அவனப் பாத்துட்டு அவரு இன்னா சொல்லியிருப்பாருன்னு சத்தியமா எனக்குத் தெரியல."

அவள் டீயை ஊதி ஒரு வாய் குடித்தாள். "நீங்களாவது தெரியலன்னு சொன்னீங்களே" என்றாள். அதற்குப் பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உனக்குப் பிடித்திருக்குமா குணா? அந்தப் பையன் அதிகம் பேசுவதில்லை. பேசும்போது ஆள் கண்ணைப் பார்த்துப் பேசுகிறான். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது, மீதியை இனிமேல்தான் பார்க்க வேண்டும். எனக்கு அவன்மேல் குறை இருந்தால் என் குறையாகவே சொல்வேன். உன் பெயரைச் சொல்லி அவளை இனி யாரும் நிறுத்த விடமாட்டேன், உன் பெயரைச் சொல்லி அவளைத் தள்ளவும் மாட்டேன். நீ சொல்லாமல் போன வார்த்தையை அப்படியே விட்டுவைக்கிறேன் மச்சான், இது சத்தியம்.

உன் மச்சான்,
ரேவதிக்கு இன்னொரு மாமன்,
எட்வின்
ஆம்பூர்